ஆப்பிள் பிழிய எத்தனை டன் வேண்டும்?

வண்டியைத் தூக்கும் 20 டன் பாட்டில் ஜாக் (ஹைட்ராலிக் ஜாக்) ஒன்றை வாங்கி, தேக்கு ரீப்பர்களால், அதாவது மெல்லிய நீள மரத்துண்டுகளால், ஒரு பீப்பாய் செய்து, அதற்குள் ஆப்பிளைக் கொட்டி அழுத்தினால் வீட்டிலேயே சைடர் எடுக்கலாமா, தேக்குக்குப் பதில் வேறு மரம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஜூசரில் வரும் சாறு நுரைத்துப்போய்ப் பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிடுகிறது என்பதையும், சீசனில் கோயம்பேட்டில் பெட்டியாக வாங்கிவந்து பத்துக் கிலோவை ஒரே தடவையில் பிழிந்துவிட விரும்புகிறீர்கள் என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறீர்கள். மரத்தையும் டன்னையும் பற்றிக் கேட்டாலும், பழத்துக்குள் இருக்கும் சாற்றை அதிகம் வீணாக்காமல் சுத்தமாக வெளியே கொண்டுவர எதைக் கட்ட வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டூல் ரூமில் பிரஸ் டூல்களும் ஃபிக்சர்களும் வடிவமைத்தவன். ஓய்வு பெற்றபின் ஆப்பிள் பிழிவதற்கென்றே இரண்டு பிரஸ்கள் கட்டினேன். முதலாவது தோற்றது, இரண்டாவது இன்றும் ஓடுகிறது. ஆகவே பிரஸ்ஸைத் தாங்கும் சட்டம், விசை, மரை (திருகுப் புரி), இரும்பு பற்றி நான் சொல்வதைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்ததாகக் கொள்ளலாம். துணி, பழவகை, பிழியும் வேகம் பற்றிச் சொல்வது என் கைப்பழக்கத்தில் கண்டது. வேறொருவர் கையில் சற்று மாறக்கூடும். நான் உணவு விஞ்ஞானி அல்லன் என்பதால், கிருமி, நஞ்சு தொடர்பானவற்றில் பொதுவாக ஏற்கப்பட்ட நெறிகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிவிடுவோம். அமெரிக்காவில் சைடர் என்றால் பெரும்பாலும் வடிகட்டாத, கலங்கலான ஆப்பிள் சாறு. இங்கிலாந்தில் அதே சொல் புளிக்கவைத்த மதுவைக் குறிக்கும். இணையத்தில் பார்க்கும் பிரஸ் வரைபடங்களில் பலவும் இரண்டாவது வகைக்காரர்கள் போட்டவை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது அதன்படி குற்றம். எனவே இங்கே சைடர் என்று நான் எழுதுவதெல்லாம் அன்றே பிழிந்து அன்றே காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைக்கும் சாற்றை மட்டுமே. பிரஸ்ஸின் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் வரைபடங்களைப் பார்ப்பதில் பிழையில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தேங்காய்ப் பால் எடுக்கும்போது முழுக் கீற்றைத் துணியில் போட்டு யாரும் முறுக்குவதில்லை. துருவி, அரைத்து, அதன்பின் பிழிகிறோம். கீற்றை எவ்வளவு வலுவாக அமுக்கினாலும் பால் வராது என்பது நம் வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆப்பிளும் அப்படித்தான். அதன் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் நீர். ஆனால் அந்த நீர் கோடிக்கணக்கான நுண்ணறைகளுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. போதாததற்கு, பழத்தின் கன அளவில் ஏறக்குறைய கால் பங்கு காற்று. ஆப்பிள் தண்ணீரில் மிதப்பது அதனால்தான். முழுப் பழத்தையோ நான்காக வெட்டிய துண்டுகளையோ அழுத்தினால் முதலில் பஞ்சுபோல் அமுங்கி அந்தக் காற்றை விடும். அறைகள் பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். 20 டன் ஜாக்கைக் கொண்டு துண்டுப் பழத்தை நசுக்குவதைவிட, ஒழுங்காகத் துருவிய பழத்தை 3 டன்னில் அழுத்துவது அதிகச் சாறு தரும். என் முழுப் பதிலிலும் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால், இதை வையுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. மிக்சியில் போட்டு விழுதாக அரைத்துவிட்டால் அறைகள் எல்லாம் உடையும். ஆனால் அந்த விழுது துணியின் கண்களை அடைத்துக்கொண்டு, சாறு வெளியேற வழியில்லாமல், துணியோடு சேர்ந்து பிதுங்கும். கை விரல்களுக்கு இடையே எடுத்துத் தேய்த்தால் அரிசி நொய்போல் நெறுநெறுப்பாகவும், அதே சமயம் ஈரம் கசிந்துகொண்டும் இருக்க வேண்டும். அளவில் சொன்னால் 3 முதல் 6 மி.மீ. துணுக்குகள். கேரட் துருவும் தட்டு பொருத்திய ஃபுட் பிராசசர் பத்துக் கிலோவுக்குத் தாராளமாகப் போதும். மோட்டார் சூடேறினால் நடுவே இளைப்பாற விட வேண்டும், அவ்வளவே. கரும்புச்சாறு மெஷினில் விட்டால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கரும்பில் நீளமான நார் இருப்பதால் உருளைகள் அதைப் பிடித்து இழுத்து நசுக்குகின்றன. ஆப்பிளில் அந்தப் பிடிமானம் இல்லை, வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் பிதுங்கும். இதை நான் முயன்றே பார்த்தேன், சட்டைதான் பாழாயிற்று.

அடுத்து டன் கணக்கு. துருவிய கூழுக்கு முக்கியமானது மொத்த விசை அன்று, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்பதே. 25 செ.மீ. சதுரமான பரப்பு 625 சதுர செ.மீ.; 5 டன் ஜாக் முழு விசையில் அழுத்தினால் ஒரு சதுர செ.மீ.க்கு 8 கிலோ விழும். வீட்டளவில் ஆப்பிளுக்கு அதுவே நிறைவு. சாற்றின் பெரும்பகுதி 3 டன் தாண்டுவதற்குள் வந்துவிடும் என்பது என் மதிப்பீடு. அதே பரப்பில் 20 டன்னைச் செலுத்தினால் 32 கிலோ. அந்த அழுத்தத்தை மரத் தட்டிகளும் தாங்கா, துணியும் தாங்காது, நீங்கள் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்யும் சட்டமும் பெரும்பாலும் தாங்காது. ஜாக்கின் கைப்பிடியை அடிக்கும்போது எத்தனை டன் ஏறியிருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. ஆகையால் ஜாக்கின் முழுத் திறனையும் சட்டம் தாங்கும்படி செய்ய வேண்டும் என்பது எங்கள் தொழிலில் மீறக்கூடாத விதி. பெரிய ஜாக் வாங்கி மெதுவாக அடிக்கிறேன் என்பது வாதமாகாது. ஒருநாள் வேறொருவர் அடிப்பார்.

என் முதல் பிரஸ் நீங்கள் நினைத்திருப்பது போன்ற பீப்பாய்க் கூடைதான்: 30 செ.மீ. விட்டம், 35 செ.மீ. உயரம், சுற்றிலும் ரீப்பர், ரீப்பர்களுக்கிடையே விரற்கடை இடைவெளி. பார்க்க அழகாக இருந்தது. எட்டுக் கிலோ போட்டு அழுத்தியதில் மூன்றரை லிட்டர் வந்து நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினேன், ஓர் இடைவெளி வழியாகத் துணி பலூன்போல் உப்பி, சட்டென்று வெடித்து, கூழ் எதிர்ச் சுவரில் போய் ஒட்டியது. பிரித்துப் பார்த்தபோது ஓரத்துச் சக்கை காய்ந்து அட்டைபோல் இருந்தது. நடுவில் கையை விட்டால் சொதசொதவென்று சாறு. காரணம் எளிது. ஓரத்துக் கூழ் முதலில் சாற்றை விட்டுவிட்டு இறுகிக்கொள்கிறது. நடுவில் இருக்கும் சாறு 15 செ.மீ. தூரம் அந்த இறுகிய சுவரைத் துளைத்து வர வேண்டியிருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டக் கூட்டச் சுவர் மேலும் இறுகும். திராட்சைக்குக் கூடை ஒத்துவரும், ஏனென்றால் தோலும் விதையும் நடுவே வழி விட்டு நிற்கும். ஆப்பிளுக்கு, குறிப்பாக நம் ஊருக்கு வரும் ஆப்பிளுக்கு, ஒத்துவராது.

ஆகவே பீப்பாயை விட்டுவிட்டுத் தட்டியும் துணியுமான அடுக்கு முறைக்குப் போகச் சொல்கிறேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பழத்தோட்டக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறைதான் அது. ஒரு தட்டியின் மேல் 25 செ.மீ. சதுரமான, அடியும் மேலும் இல்லாத வெறும் மரச்சட்டத்தை வைத்து, அதன்மேல் துணியை விரித்து, 4 செ.மீ. உயரத்துக்குத் துருவலை நிரப்பி, துணியின் நான்கு முனைகளையும் கொழுக்கட்டை மடிப்பதுபோல் உள்ளே மடித்து, சட்டத்தை மேலே உருவிவிட வேண்டும். அதன்மேல் அடுத்த தட்டி, அடுத்த துணி. பத்துக் கிலோ ஆப்பிளுக்கு நான்கு அடுக்குகள் வரும். இப்போது எந்தத் துளிச் சாறும் மேலோ கீழோ 2 செ.மீ. நகர்ந்தால் தட்டியின் இடுக்கை அடைந்துவிடும். சுற்றுச்சுவரே தேவையில்லை என்பதால் மரவேலையும் பாதி குறைகிறது. இந்த மாற்றத்துக்குப் பின், அதே பழத்தில், பத்துக் கிலோவுக்கு 6 லிட்டர் எடுத்தேன்; ஐந்தரைக்குக் கீழே ஒருபோதும் போனதில்லை.

தட்டி என்பது 2 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனமுள்ள ரீப்பர்களை அரை செ.மீ. இடைவெளியில் ஒரு வரிசை நெடுக்காகவும் அடுத்த வரிசை குறுக்காகவும் அடுக்கிப் பிணைத்தது. மொத்தக் கனம் 2 செ.மீ. விளிம்புகளை உப்புத்தாள் கொண்டு மழுக்க மறக்காதீர்கள், கூரான விளிம்பு துணியை அறுக்கும். பிணைக்க இரும்பு ஆணியோ துத்தநாகம் பூசிய ஸ்க்ரூவோ வேண்டாம். மர முளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவோ போடுங்கள். துணியைப் பொறுத்தவரை, பனீர் வடிகட்டும் மஸ்லின் இரண்டாம் அழுத்தலிலேயே கிழிந்துவிடும், கெட்டியான காடாத் துணி கிழியாது ஆனால் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண் தெரியும் அளவு நெய்த, சாயமேற்றாத வெள்ளை பாலியெஸ்டர் அல்லது நைலான் துணிதான் எனக்குச் சரிப்பட்டது. புதுத் துணியைக் கொதிநீரில் அலசி, கஞ்சி போனபின் பயன்படுத்துங்கள்.

இனிச் சட்டம். இதில் வெல்டிங்கை நம்பாத ஓர் அமைப்பைச் சொல்கிறேன், ஏனெனில் தெருமுனைப் பட்டறையில் போடும் வெல்டிங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. 75 மி.மீ. உயரமுள்ள சி சேனலில் (ஆங்கில C வடிவ இரும்பு) 50 செ.மீ. துண்டுகள் நான்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு, நடுவில் 22 மி.மீ. இடைவெளி விட்டு வைத்தால் மேல் உத்தரம் ஒன்று, கீழ் உத்தரம் ஒன்று. அந்த இடைவெளி வழியாக 40 செ.மீ. தள்ளித் தள்ளி இரண்டு 20 மி.மீ. மரைக் கம்பிகள் மேலிருந்து கீழ் வரை போகும். கடைகளில் ஒரு மீட்டர் நீளத்தில் அப்படியே விற்கிறார்கள். மேலும் கீழும் 10 மி.மீ. தகட்டில் வெட்டிய சதுர வாஷர், அதன்மேல் இரட்டை நட்டு. இரு உத்தரங்களும் நெருங்காமலிருக்கக் கம்பிகளின் மேல் 65 செ.மீ. நீளக் குழாய்களை மாட்டிவிட்டால் சட்டம் விறைப்பாக நிற்கும். 5 டன் நடுவில் தள்ளும்போது உத்தரத்தில் எழும் தகைவு (இரும்புக்குள் ஏறும் அழுத்தம்) ஒரு சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1,230 கிலோ. சாதாரண மென் எஃகுக்கு வளைவில் அனுமதிக்கும் 1,650 கிலோவுக்குள் இது அடங்குகிறது. கம்பி ஒவ்வொன்றுக்கும் இரண்டரை டன், 20 மி.மீ. கம்பி அதன் இரு மடங்கை முனகாமல் தாங்கும். கம்பிகளின் இடைவெளியை 60 செ.மீ. ஆக்கினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும், அப்போது 100 மி.மீ. சேனல் வேண்டும்.

65 செ.மீ. உயரம் எங்கிருந்து வந்தது என்றால், கீழ் உத்தரத்தின் மேல் குறுக்கே வைக்கும் சேனல் துண்டுகள் ஏழரை, ஐந்து தட்டிகள் பத்து, துணி மடிப்புகளோடு துருவல் பதினேழு, அழுத்தும் பலகை ஐந்து, ஜாக்கின் அடித் தகடு ஒன்று, சுருங்கிய நிலையில் ஜாக் இருபத்தொன்று. கூட்டினால் அறுபத்தொன்றரை, கை நுழையக் கொஞ்சம் இடம். அந்தக் குறுக்குத் துண்டுகளைத் தவிர்க்கக் கூடாது. உத்தரத்தின் அகலம் 10 செ.மீ.தான், தட்டியோ 25 செ.மீ. அவை இல்லாவிட்டால் தட்டியின் இரு ஓரங்களும் கீழே தொங்கி, நடுவில் மட்டும் அழுத்தம் விழும். சாறு பிடிக்கும் தட்டு இந்தத் துண்டுகளின் மேல் உட்காரும். பாத்திரக் கடையில் ஹோட்டல்காரர்கள் வாங்கும் ஆழமில்லாத எவர்சில்வர் தட்டொன்றை எடுத்து, ஒரு விளிம்பில் குழாய் மூக்கை ஆர்கான் வெல்டிங்கில் வைக்கச் சொல்லுங்கள். இது ஒன்றுதான் இதில் வெல்டிங், அதன்மேல் சுமை ஏதும் இல்லை.

பாட்டில் ஜாக்கை நிமிர்ந்த நிலையில்தான் வைக்க வேண்டும்; தலைகீழாகவோ படுக்கவைத்தோ வைத்தால் சாதாரண வகைகளில் எண்ணெயோடு காற்றும் உறிஞ்சப்பட்டு ஏறாது. ஆகவே அது அழுத்தும் பலகையின் மேல் நின்று மேல் உத்தரத்தை முட்டும். அப்படியானால் கசியும் ஒவ்வொரு சொட்டு ஹைட்ராலிக் எண்ணெயும் நேரே உங்கள் சாற்றுக்குத்தான் வரும். புதுப்பேட்டையில் பழைய ஜாக் மலிவாகக் கிடைக்கும்; காருக்கு வாங்குங்கள், இதற்கு வேண்டாம். புது ஜாக்காக வாங்கி, அதன் அடியில் விளிம்புள்ள ஒரு சிறு எவர்சில்வர் தட்டை வைத்து, ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கின் தலை வழுக்காதிருக்க மேல் உத்தரத்தின் அடியில் ஒரு தகட்டைப் பொருத்தி, அதில் தலை உட்காரும் அளவுக்கு ஒரு குழியைக் கடைந்துகொள்ளுங்கள்.

எண்ணெய்த் தொல்லையே வேண்டாம் என்றால் திருகு இருக்கிறது. பைண்டிங் கடைகளில் புத்தகக் கட்டுகளை இறுக்கும் பிரஸ்ஸைப் பார்த்திருப்பீர்கள், தத்துவம் அதுவே. 25 மி.மீ. விட்டத்தில், 5 மி.மீ. மரையிடைத் தூரமுள்ள சதுர மரைத் திருகொன்றை லேத்தில் போடச் சொல்லி, 40 செ.மீ. கைப்பிடியை 20 கிலோ விசையில் சுற்றினால் ஏட்டுக் கணக்குப்படி 10 டன் வரும். உராய்வு அதில் முக்கால் பங்குக்கு மேல் தின்றுவிடும். கையில் நிற்பது 2 டன், நல்ல வெண்கல நட்டும் அடியில் அழுத்தத்தைத் தாங்கிச் சுழலும் ஒரு திரஸ்ட் பேரிங்கும் இருந்தால் சற்று மேலே. துருவல் சரியாக இருந்தால் அதுவே போதும். திருகில் எனக்குப் பிடித்தது, சுற்றும்போது கைக்கு எதிர்ப்புத் தெரிகிறது என்பதுதான். கடைசிச் சாறு எப்போது தீர்ந்தது என்பதை மணிக்கட்டே சொல்லிவிடும். செலவு, அலைச்சல் என்று பார்த்தால் ஜாக்தான் வெல்லும், நானே இரண்டாவது பிரஸ்ஸில் ஜாக்குக்கு மாறிவிட்டேன். திருகு போட்டால் உணவு இயந்திரங்களுக்கென விற்கும் வெள்ளைக் கிரீஸை மட்டும் பூசுங்கள்.

மரத்தைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மேலைநாட்டு வரைபடங்களில் ஓக், ஆஷ், மேப்பிள் என்று இருக்கும். அவற்றைத் தேடி மரவாடி மரவாடியாக அலைய வேண்டாம். தேக்கு உறுதியானது, நீரில் கோணாது. ஆனால் அதில் இயல்பாகவே எண்ணெயும் ஒரு மணமும் உண்டு. பழைய, நன்கு காய்ந்த தேக்கைப் பலமுறை கொதிநீரில் ஊறவைத்துக் கொட்டினால் மணம் குறையும், என் மூக்குக்கு முழுக்கப் போகவில்லை. வேம்பு கண்டிப்பாகக் கூடாது, சாறு கசக்கும். பலா மரம் மஞ்சள் சாயத்தை விடும். புத்த பிக்குகளின் ஆடைக்குச் சாயமேற்றிய மரம் அது. மா மரம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மரச்செக்குக்குப் பேர்போன வாகை நல்ல தேர்வாகவே எனக்குப் படுகிறது, ஆனால் எண்ணெய்க்கு ஒத்துவந்தது புளிப்புச் சாற்றுக்கும் ஒத்துவரும் என்பது என் ஊகமே. பிளைவுட், எம்.டி.எஃப். இரண்டும் பசையால் ஒட்டியவை, அவற்றை நெருங்கவே விடாதீர்கள். இவ்வளவு யோசித்த பின் நான் செய்தது என்னவென்றால், காய்கறி வெட்டும் வெள்ளை ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகையை வாங்கி, ரீப்பர்களாக அறுத்துத் தட்டிகள் செய்துகொண்டேன். அழகில்லைதான். கொதிநீரை ஊற்றிக் கழுவலாம், நாறாது, கோணாது. மேலே அழுத்தும் பலகை மட்டும் 5 செ.மீ. கனத் தேக்கு, அதற்கும் சாற்றுக்கும் நடுவே ஒரு தட்டி.

உலோகத்தில் விதி எளியது. ஆப்பிள் சாறு புளிப்பானது, அதன் பி.ஹெச். மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் நிற்கும். துத்தநாகப் பூச்சை அது கரைக்கும், இரும்பைத் தொட்டால் பழத்தின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருக்கும். என் துருவு உருளையில் ஒரே ஓர் இரும்பு ஸ்க்ரூ தவறி மாட்டிக்கொண்டதில் ஒரு முழுப் பாத்திரச் சாறு சாம்பல் நிறமாகி, வாயில் வைத்தால் பழைய தாழ்ப்பாளை நக்கியதுபோல் இருந்தது. சட்டம் மென் எஃகாக இருக்கலாம், பெயின்ட் அடித்திருக்கலாம், ஏனெனில் அது சாற்றைத் தொடாது. தொடும் எதுவும் 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்பதை மட்டும் வைத்து 304 என்று நம்பாதீர்கள். மாங்கனீசு கூடிய 202 ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது. ஒரு கடையில் 304 என்று சொல்லிக் கொடுத்த தகடு எனக்கு இரண்டே மாதத்தில் புள்ளிப் புள்ளியாகத் துருப்பிடித்துவிட்டது. உலோகக் கடைகளில் மாங்கனீசைக் காட்டிக்கொடுக்கும் சோதனைச் சொட்டு மருந்து வைத்திருப்பார்கள், ஒரு சொட்டு விடச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

பிழியும்போது அவசரம் கூடாது. முதல் லிட்டர் பெரும்பாலும் ஜாக்கைத் தொடாமலே, அடுக்குகளின் சொந்த எடையிலேயே வடியும். பிறகு இரண்டு அடி, சாறு ஓடும். ஓட்டம் நூலாக மெலியும் வரை காத்திருங்கள். மீண்டும் இரண்டு அடி. மொத்தம் இருபத்தைந்து நிமிடம் ஆகும். அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டுச் சரிசெய்யுங்கள், கையால் தள்ளிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் பலகை விரிந்தால் துண்டு பறக்கும். காஷ்மீரிலிருந்தும் இமாச்சலத்திலிருந்தும் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வரும் புதுப் பழம் மொறுமொறுவென்று இருக்கும், அப்போது பிழிவது சுகம். பின்னாளில் குளிர்கிடங்கிலிருந்து வரும் ரெட் டெலிசியஸ் மாவாகிப்போயிருக்கும். கூழ் சேறுபோல் துணியை அடைக்கும். அதற்கு ஒரு கைமருந்து நெல் உமி. சாறு ஆலைகளிலும் இதைச் சேர்ப்பதுண்டு. சுத்தமான உமியை நன்றாக அலசி, கொதிக்கவைத்து வடித்து, பத்துக் கிலோத் துருவலுக்கு இரண்டு மூன்று கைப்பிடி கலந்தால் கூழுக்குள் சாறு போக வழி பிறக்கும். இனிப்பு மட்டும் தூக்கலாக இருக்கும் அந்தப் பழத்தோடு நாலில் ஒரு பங்கு பச்சை ஆப்பிள் சேர்த்தால் சுவையும் நிற்கும். பழுப்பாவதை முழுக்கத் தடுக்க முடியாது. துருவும்போதே எலுமிச்சைச் சாறு தெளித்தால் தாமதமாகும். ஜூசரைவிட இதில் காற்று குறைவாகக் கலப்பதால் நுரை அநேகமாக இராது.

பழத்தைத் தேர்வதில் கருமித்தனம் வேண்டாம். அழுகல், பூஞ்சை பிடித்த பழத்தில் பேட்டுலின் என்ற நஞ்சு உருவாகிறது. சர்வதேச உணவு நெறிகள் ஆப்பிள் சாற்றில் அதை ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அது கொதிக்கவைத்தாலும் முழுதாக அழியாது என்பதால், அழுகிய இடத்தைக் கிள்ளிவிட்டு மீதியைப் போடுவது சரியல்ல, அந்தப் பழத்தையே ஒதுக்குங்கள். கிருமிக்குக் காய்ச்சுவது பலன் தரும். 1996-இல் அமெரிக்காவில் காய்ச்சாத ஆப்பிள் சாறு வழியாக ஈ. கோலை ஓ157 என்ற கிருமி பரவிப் பலர் நோயுற்றார்கள், ஒரு குழந்தை இறந்தது. அதன்பின்தான் அங்கே விதிகள் கடுமையாயின. சாற்றை 72 டிகிரிக்கு ஏற்றி ஒரு நிமிடம் வைத்து, சுடுநீரில் கழுவிய கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தெர்மாமீட்டர் வாங்குங்கள், ஆவி வந்தால் போதும் என்ற கணக்கு ஆகாது. சென்னை வெயிலில் காய்ச்சாத சாறு மேசையில் ஒரு பகல் இருந்தாலே பொங்க ஆரம்பிக்கும். மூடி இறுக்கிய புட்டி அந்த நிலையில் வெடிக்கவும் கூடும்.

கடைசியாக, சேனல் வாங்கப் போகுமுன் ஒன்று செய்யுங்கள். இரண்டு கிலோ ஆப்பிளை எட்டாக நறுக்கி, பையில் கட்டி, இரண்டு நாள் ஃப்ரீசரில் உறையவைத்து, பிறகு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு இளகவிடுங்கள். உறையும் நீர் அறைச்சுவர்களைக் கிழித்துவிடுவதால், துருவாமலே துணியில் போட்டுக் கையால் முறுக்கினால் ஒரு லிட்டருக்குக் குறையாமல் வரும். அந்தச் சாற்றின் சுவையும் பக்குவமும் உங்களுக்குப் பிடித்திருந்து, ஆனால் இரண்டு கிலோ போதாது, ஃப்ரீசரில் பத்துக் கிலோவுக்கு இடமில்லை என்று தோன்றினால் மட்டும் சட்டத்தைக் கட்டுங்கள். கட்டியபின், பிழிந்த கையோடு துணிகளை அலசிவிடுங்கள். அரைமணி நேரம் விட்டால் துருவல் நூலுக்குள் காய்ந்து பிடித்துக்கொள்ளும், பிறகு தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாலும் போகாது.